அவன் சொன்ன பதில்

தன்னுடைய இடது காலை அப்பா 'அவன்' என்றுதான் சொல்வார். ராணுவத்தில் இருந்தபோது பனிச்சரிவில் மாட்டி நரம்பு கெட்டுப்போன கால். பார்க்க வலது கால் மாதிரியேதான் இருக்கும். ஆனால் போர்வை பட்டாலே உயிர் போகும். வடக்கே துவாரகாவில் நாங்கள் இருந்த வீட்டில் மத்தியானம் அவர் தூங்கும்போது மற்ற உடம்பெல்லாம் அசையாமல் கிடக்க, அந்தக் கால் விரல்கள் மட்டும் மெல்ல விரிந்து மடங்கும். "சத்தம் போடாதடி, அவன் முழிச்சுக்குவான்" என்பாள் அம்மா. உள்ளே நிஜமாகவே யாரோ இருப்பதாக நம்பி, கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். இன்றும் யாராவது காலாட்டினால் நான் தள்ளிப்போய் உட்காருவேன்.

அந்தக் காலுக்கு முப்பது சதவீத ஊனம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பென்ஷனில் கொஞ்சம் கூடுதலாக வந்தது அதனால்தான். இப்போது மறுபரிசோதனை. இருபதுக்குக் கீழே போனால் அது நின்றுவிடும் என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த சதவீதம் பள்ளிக்கூட மார்க்குதான். முப்பது என்றால் ஃபெயில். "இந்தத் தடவையாவது நல்லா பதில் சொல்லுங்கப்பா" என்றேன்.

"அங்க போய் வீரம் காட்டாதீங்க. வலிச்சா வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள் அம்மா.

"அச்சா மேடம்" என்று சிரித்தார் அப்பா.

ஆஸ்பத்திரியில் எங்களை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அம்மா டீ வாங்கப் போனாள். உள்ளிருந்து ஒருவன் எட்டிப் பார்த்து, அப்பாவின் பழைய பதவியைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஹவில்தார்!"

அப்பா எழுந்தார். கைத்தடியை என் மடியில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நடந்தார். கொஞ்சம்கூட நொண்டவில்லை.

ஃபேன் காற்றில் அந்த அறையின் திரை விலகி விலகி மூடியது. மேஜைக்குப் பின்னால் சீருடையில் ஒரு பெரிய அதிகாரி. அப்பா இடது காலைத் தூக்கித் தரையில் 'தொம்'மென்று அடித்து விறைத்து நின்றார். போர்வை தாங்காத கால்!

"தர்த் ஹை?" வலிக்கிறதா என்று கேட்டார் அதிகாரி.

"நஹீ ஸாப்!"

அந்தக் குரலை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. அதிகாரி முழங்காலுக்குக் கீழே அழுத்தினார், ஊசியால் தொட்டார். அப்பாவின் கண் இமைக்கவில்லை. "டீக் ஹை ஸாப்! டீக் ஹை ஸாப்!" எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாய் மட்டும் திறந்து மூடியது.

வெளியே வந்ததும் பெஞ்சில் விழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கால் தானாகத் துள்ளியது. அம்மா டீயோடு ஓடிவந்தாள்.

"என்ன கேட்டாங்க? என்ன சொன்னீங்க?"

அப்பா துள்ளும் காலையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியாம்மா? நான் என்ன சொன்னேன்?" என்றார்.

"வலியே இல்லன்னு சொன்னீங்கப்பா! எல்லாத்துக்கும் டக்குடக்குன்னு சொன்னீங்க."

"நானா?"

அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பா பாஸாகிவிட்ட சந்தோஷத்தில், நான் தடியைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்திக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன். எழுந்து நிற்க அவருக்கு அது வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.