பால் விட்ட நேர்த்தியும் நொறுங்கிய முதுகெலும்பும்

நானே கண்டதையும் மருத்துவர் சீட்டில் எழுதியதையும் மட்டுமே சொல்வேன். இதே அம்மன் கோயில் வெள்ளிக்கிழமை வழிபாட்டில், இப்படி எழுந்து பேசிய ஒருவர் மிகைப்படுத்திச் சொன்னதை நம்பித்தான் நான் கெட்டேன்.

தொண்ணூற்றொன்று, பங்குனி. எனக்கு நாற்பத்தேழு வயது, பள்ளி ஆசிரியை. கணவரின் தொழிற்சாலைப் பணியால் ஆவடிக் குடியிருப்பில் இருந்தோம். மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முதுகு ஓயாமல் வலித்தது. விருப்பமான உணவை அம்மனுக்கென விட்டதும் தம் மூட்டுவலி மறைந்ததாக வழிபாட்டில் அந்த ஒருவர் சொன்னார். எனக்குப் பால் என்றால் உயிர். வலி தீரும்வரை பால், தயிர், மோர் தொடேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். வலி தீரவில்லை, ஆகவே நேர்த்தியும் முடியவில்லை.

மறு ஆண்டு ஆனியில் அடிகுழாயடியில் குடத்தைத் தூக்கினேன். முதுகுக்குள் ஏதோ நொறுங்கியது.

எக்ஸ்ரே படம் பார்த்த மருத்துவர், முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருப்பதாகச் சொல்லி விளக்கினார். எலும்பு நாள்தோறும் கரைகிறது, நாள்தோறும் கட்டப்படுகிறது. மாதவிலக்கு நின்றபின், கரைவதை அடக்கிவைத்திருந்த சுரப்பு வற்றுகிறது. கட்டும் வேலை பின்தங்குகிறது. உணவிலும் சுண்ணாம்புச்சத்து இல்லையென்றால், குருதி தனக்கு வேண்டியதை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாலை நான் அம்மனுக்கு விட்டேன்; என் குருதி என் எலும்பைத் தின்றது.

அப்போதும் பாலைத் தொடவில்லை. வாக்குத் தவறினால் இன்னும் கெடும் என்ற அச்சம். மருந்தை மட்டும் விழுங்கினேன். கணவர் கெஞ்சினார். எழ முடியவில்லை; எல்லாம் படுக்கையிலேயே. "நடக்க விடு, இல்லையேல் அழைத்துக்கொள்" என்று அம்மனிடம் அழுதேன். பிறகு அழவும் தோன்றவில்லை.

ஆடி மூன்றாம் ஞாயிறு, கோயிலில் கூழ் காய்ச்சும் கன்னியம்மா தூக்குப் பாத்திரத்துடன் வந்தார்.

"மோர் கலந்ததா?" என்றேன்.

"பின்ன? பச்சத் தண்ணியிலயா கரைப்பாங்கோ? குடி டீச்சர்."

"பால், மோர் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், கன்னியம்மா."

"ஆத்தா உன்னாண்ட கேட்டாளா? ஊருக்கே கூழு ஊத்துறவ, உன்ன மட்டும் பட்டினி போடுவாளா? இன்னாத்த பட்ச்சியோ! அவளுக்குப் படைச்ச கூழு இது. டீச்சருக்கு வாணாமாம்னு அவளாண்ட போயி சொல்லட்டா?"

படையலை மறுக்கும் துணிவு எனக்கில்லை. கணவர் என் தலையைத் தாங்கிப் பிடித்தார். குடித்தேன். நான் போட்ட முடிச்சை அம்மனே அவிழ்த்தாள் என்று கொண்டேன்.

மறுநாள்முதல் மருந்துடன் பாலும் குடித்தேன். கார்த்திகையில் சுவரைப் பிடித்து நின்றேன். தையில் கோயில்வரை நடந்தேன். முறிவில் விழுந்த கூன் நிமிரவில்லை. குறைந்த உயரம் திரும்பவில்லை. வலி இன்றும் உண்டு. ஆனாலும் நடக்கிறேன், அதற்கு அவளுக்கு நன்றி. அவளை நம்புங்கள். அவள் பெயரால் உடலைப் பட்டினி போடாதீர்கள்.

நான் எழுந்தது மருந்தாலா, பாலாலா, நாளடைவில் தானாகவா, தெரியாது. எலும்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஒருவரும் அளந்து சொல்லவில்லை. அடுத்து எது முறியும், எப்போது முறியும் என்பதும் தெரியாது.