பானட்டில் விழுந்த தேங்காய்ச் சில்லு

என் கணவர் புதுக் கார் வாங்கிய நாளிலிருந்து வீட்டில் எனக்குப் பொறுப்பு குறைந்துவிட்டது. அவரைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டாள். கருநீல நிறம், பேச்சு கிடையாது, எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிற்பாள். காலையில் அவளில் ஏறித்தான் நாங்கள் இருவரும் பாலம் கடந்து பத்து காவான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவோம். நான் அங்கே ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு, அவர் பக்கத்துத் தொழிற்சாலையில் கிடங்கு. ஏறுவதற்கு முன் அவர் காரை ஒரு முறை வலம் வருவார். எனக்குக் காய்ச்சல் என்றால் நானாகச் சொன்னால்தான் தெரியும். அவள் கதவில் ஒரு விரல் தடம் இருந்தால் படிக்கட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் பார்க்கக் கிளம்பினோம்.

"காடி எதுக்குங்க? பஸ்ல போயிட்டு நடந்துக்கலாமே" என்றேன்.

"இந்தக் கூட்டத்துல பஸ் எங்க லா வரும்? நான் பத்திரமான இடம் பார்த்து வச்சிருக்கேன்."

தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு சந்து முனைதான் அந்தப் பத்திரமான இடம். அங்கே யாரோ புண்ணியவான் ரதத்தின் முன் உடைக்கத் தேங்காய்களை லாரியில் கொண்டுவந்து குவித்து வைத்திருந்தார். எங்கள் காரை நிறுத்தியபோது அந்தக் குவியல் அவர் கண்ணில் படவில்லை. பினாங்கில் ரதம் வரும்போது தேங்காயைச் சாமிக்குக் காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

ரதம் போன பிறகு திரும்பி வந்தோம். சாலை முழுக்க வெள்ளை வெளேர் என்று தேங்காய்ச் சிதறல். காரின் முன்பக்க மூடியான பானட்டின் நடுவில் ஓர் ஓட்டுச் சில்லு, விருந்துக்கு வந்த மாமா மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தார். கீழே பச்சைப்பயறு அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. பக்கத்தில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு.

அந்தப் பக்கம் போன ஓர் அம்மா நின்று பார்த்தார். "முருகனே வந்து தொட்டுட்டாரு தம்பி. நல்லதுதான், கவலப்படாதீங்க."

கணவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொன்னார்: "தொடறதுக்கு முருகனுக்கு வேற இடமே கெடைக்கலையா?"

பட்டறைக்காரர் ஒருவர் பானட் முழுவதையும் திரும்பப் பெயிண்ட் அடித்துத் தருவதாகவும், காரைச் சில நாள் விட்டுவிட்டுப் போகும்படியும் சொன்னார். விட்டுவிட்டுப் போவதா? முன்பின் தெரியாத இடத்தில், ராத்திரி தனியாக? அதற்குக் கணவர் மனம் ஒப்பவில்லை. தானே செய்வது என்று முடிவெடுத்தார். கைப்பேசியில் வீடியோக்கள் பார்த்தார். அவர் வீடியோ பார்க்கும் விதமே தனி. 'காயும்வரை காத்திருங்கள்' என்று சொல்லும் இடங்களையெல்லாம் விரலால் தள்ளிவிடுவார்.

கடைக்குப் போய் ஒரு சின்ன பெயிண்ட் குப்பியோடு வந்தார்.

"காடிக்குக் கலர் நம்பர் இருக்குமாமே. கதவோரத்துல ஒட்டியிருக்குமாம். பாத்து வாங்கினீங்களா?" என்றேன்.

"நீலம்னா நீலம்தானே. எனக்குத் தெரியாதா என் காடி கலரு?"

தெரியும்தான். பன்னிரண்டு வகை நீலத்தில் ஒன்று என்பதுவரை தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் வேலை தொடங்கியது. குப்பியைக் குலுக்காமல் திறந்தார். பானட் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. பயறு அளவுக் காயத்துக்குக் கொண்டைக்கடலை அளவு பெயிண்ட் வைத்தார். அது கொஞ்சம் வழிந்து, அப்படியே காய்ந்து, வேறு நீலத்தில் ஒரு மச்சமாகிவிட்டது. அதை எடுக்க உப்புத்தாளைத் தேடினார். எங்கள் இரும்புக் கதவின் துருவைச் சுரண்ட வாங்கியது ஒன்று இருந்தது. அதை வைத்துத் தேய்த்தார். மச்சம் அசையவில்லை. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு மட்டும் போய், சாம்பல் பூத்தது போல ஆனது.

கீழ் மாடியில் குடியிருக்கும் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கார அண்ணன் அந்த நேரம் பார்த்து வந்தார். "என்ன தம்பி, காக்கா எச்சமா?"

"ஆமாண்ணே. இந்தக் காக்காத் தொல்ல தாங்கல."

அண்ணன் மச்சத்தைப் பார்த்தார். பிறகு, நீல நிறத்தில் எச்சமிடும் அந்தக் காக்கையைத் தேடி வானத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு காரின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தினார். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலை, வலம் வராமல் நேரே ஏறி உட்கார்ந்தார். பானட்டைப் பார்க்காமலே வண்டியை எடுத்தார். அன்றைக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"நான் பாக்கட்டுமா?"

"நீயா?"

"இதுக்கு மேல கெடுக்க அதுல என்ன இருக்கு?"



நான் செய்ததில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. வீடியோவை முழுசாகப் பார்த்தேன். கதவோரத்து எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போய்ச் சரியான நீலத்தை வாங்கினேன். மச்சத்தை, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தெடுத்தேன். வேலை முடிந்து வந்து, வெயில் தாழ்ந்ததும், பல்குச்சி முனையால் ஒரு பொட்டு. காயவிட்டு மறுநாள் இன்னொரு பொட்டு. மேலே நிறமில்லாத பூச்சு. அதுவும் நன்றாக இறுகிய பிறகு, மிக நைசான உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, பாலிஷ் போட்டேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் தப்புக் கணக்கைத் திருத்திவிட்டு வரும் எனக்கு, வாயில்லாத ஒரு தப்பைத் திருத்துவது ஓய்வாகவே இருந்தது.

வாயுள்ளவர் பக்கத்திலேயே நின்றார். தூசி விழக்கூடாது என்று குடை பிடித்துக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம் வை."

"பேசாம கொடையப் பிடிங்க."

"அந்த ஓரத்துல..."

"கொட சாயுது."

முழுசாக மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இடம் தெரிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கல்யாணப் புடவையில் என்னைப் பார்த்தபோது "பரவால்ல" என்று சொன்ன மனிதர்.

அடுத்த வாரம் மார்க்கெட்டிலிருந்து வந்து இறங்குகிறோம், அந்த அண்ணன் பானட்டைத் தடவிப் பார்த்தார். "அட, தெரியவே இல்லையே! எங்க குடுத்த?"

"எங்கயும் குடுக்கலண்ணே, நானேதான். பொறும வேணும், அவ்ளோதான்."

நான் கீரைக்கட்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறு ஞாயிறு அண்ணன் தன் வெள்ளை வேனை எங்கள் படிக்கட்டுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். மோட்டார் சைக்கிள் ஒன்று உரசியதில் கதவில் நீளமாக ஒரு கீறல். "வெள்ளதானே தம்பி, உனக்கு லேசு."

கணவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்து, "ஆமாண்ணே, அவருக்கு லேசுதான்" என்று சொல்லிவிட்டு மேலே போய்த் தேத்தண்ணி கலக்கினேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது கணவர் கையில் பல்குச்சியோடு வேனைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, கொஞ்சம் எறங்கி வாயேன்!"

தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு இறங்கினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, உண்மையச் சொல்லிடுறேன். இவதான் செஞ்சா. நான் கொட பிடிச்சேன்."

"அது தெரியும்பா" என்றார் அண்ணன். "இந்த பிளாக்ல எல்லாரும் மேலேர்ந்து பாத்துக்கிட்டுதானே இருந்தோம்."

கணவர் காது சிவந்து நான் பார்த்தது அன்றுதான். நான் வேன் கதவைத் திறந்து நிறத்தின் எண்ணைத் தேடினேன்.

கீறல் சரியானதும் அண்ணன் கடையிலிருந்து பெரிய பொட்டலம் வந்தது. சோறு, கணவாய் மீன் சம்பால், வெண்டைக்காய், எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றியது. கணவர்தான் பிரித்தார். "பரவால்ல, நாம செஞ்ச வேலைக்கு நல்லாவே கவனிச்சிருக்காரு" என்றார்.

அந்த 'நாம' எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. பெரிய கணவாய்த் துண்டுகளை மட்டும் என் தட்டுக்கு எடுத்துக்கொண்டேன்.