முதல் பிரதி எனக்கு

நானும் அவனும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காமிக்ஸ் வரைந்தவர்கள். நான் பல்லாவரத்தில் கடை போர்டு வரையப் போனேன். அவன் நாவலூரில் வேலை பார்த்துக்கொண்டே சிறுவர்களுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் போட்டுவிட்டான். பம்மல் சிறுமி ஒருத்தி கிரைண்டர் மோட்டாரை வைத்துக் கால இயந்திரம் செய்கிறாள். அவளுடைய அப்பா பிறக்காத காலத்துத் தாம்பரத்துக்குப் போகிறாள். இதுதான் கதை.

அச்சுக்கு முன்பே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். என் மகள் அதை மனப்பாடமாகப் படித்தாள். நான் தப்பு தேடித்தான் படித்தேன். ஒன்று கிடைத்தது.

வெளியீட்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, முதல் பிரதியைக் கொடுத்தான். பேசச் சொன்னார்கள்.

"அந்தக் காலத்துல தாம்பரத்துல ஓடினது மீட்டர் கேஜ் ரயில். தண்டவாளம் குறுகலா இருக்கும். இவன் இன்னிக்கு ஓடுற பெரிய ரயிலை வரைஞ்சு வெச்சிருக்கான்," என்றேன் மைக்கில். அவன் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முன்வரிசையில் இருந்த என் மகள் எழுந்தாள். "அப்பா, அந்தப் பொண்ணு பழைய காலத்துக்குப் போனா எல்லாம் மாறாதா? தண்டவாளமும் மாறிடுச்சு. இதுகூடத் தெரியலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். "இது எனக்கே தோணலடா மச்சான்," என்றான் அவன்.

அவள் அவனிடம் கையெழுத்து வாங்க ஓடினாள். நான் வரைந்த எதையும் அவள் அப்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டதில்லை.

புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது. மோசமாக இருந்திருந்தால் நானே பத்து பிரதி வாங்கி எல்லோருக்கும் கொடுத்திருப்பேன்.