தமிழ் வெள்ளமும் மலையாள வெள்ளமும்

செத்த கோழி மூன்று நாள் ஊறிக் கிடந்த கிணற்றின் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் இறங்குவதில்லை. இத்தனை மழைக்காலம் கழிந்த பிறகும் சில நாள் குடத்தைச் சாய்க்கும்போது அது வந்து நிற்கும். அன்றைக்கு நான் வாய் நனைக்கமாட்டேன்.

மழையைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. என் வயதுக்கு நான் வறட்சியைக் கண்டிருக்கிறேன், வாழையையெல்லாம் ஒரே மணி நேரத்தில் குப்புறப் படுக்க வைத்த காற்றைக் கண்டிருக்கிறேன், கடல் வீடுகளைத் தின்றதையும் கண்டிருக்கிறேன். அவையெல்லாம் வந்தன, செய்ததைச் செய்தன, போயின. எனக்கு ஓக்காளம் வருவது அவற்றை நினைத்தல்ல.

எங்கள் வீடு பாறசாலை, செங்கல் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையில், பள்ளத்தில், ஒரு சிற்றோடையை ஒட்டி இருந்தது. ஓடையை நாங்கள் "தோடு" என்போம். எடவ மாதத்து மழை, அதாவது வைகாசிக் கடைசியில் வருவது, தொடங்குமுன் இரண்டு கரை ஆட்களும் மண்வெட்டியோடு அதில் இறங்கிச் சேறும் வேரும் வெட்டிக் கரையில் ஏற்றுவார்கள். பெண்கள் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுபோவார்கள். தோடு வழிவிட்டால் எத்தனை மழை வந்தாலும் வெள்ளம் வயலுக்கு மேல் ஏறாது.

மொழிவாரி எல்லைச் சண்டை நடந்த வருஷம் ஒருவரும் இறங்கவில்லை. எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கீழக்கரையும், இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்று மேலக்கரையும் முறுக்கிக்கொண்டு நின்றன. "மொதல்ல அவனுவ எறங்கட்டும்" என்று இந்தக் கரையில் சொன்னால், அந்தக் கரையில் ஒருவன், "இன்னும் ஆறு மாசத்துல இது எந்த நாட்டுத் தோடுண்ணு தெரிஞ்சிரும், பின்ன நாம எதுக்கு வெட்டணும்?" என்று கேட்டுச் சிரித்தான். கீழக்கரை ஊர்வலத்தில் போன என் அப்பன் போலீசுக்குப் பயந்து களியக்காவிளைக்கு அப்பால் எங்கோ ஒளிந்திருந்தார். வீட்டில் அம்மையும் எட்டு வயது நானும் பால்குடி மறக்காத தம்பியும்.

மழை பெய்தது. அடைபட்ட தோடு ஒரே பகலில் எங்கள் அடுக்களைக்குள் ஏறி, ஆட்டுப் புழுக்கையும் கக்கூஸ் குழியும் செத்த கோழியுமாகக் கலக்கிக் கிணற்றில் கொட்டிவிட்டு, மூன்றாம் நாள் வடிந்தது. அந்த மூன்று நாளும் பிடித்து வைத்த மழைநீர் தீர்ந்தபோது அம்மை கிணற்று நீரையே துணியில் வடித்துக் காய்ச்சித் தம்பிக்குக் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? அவனுக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது.

அப்போது சர்க்காரிலிருந்து ஒரு குமஸ்தா கணக்கெடுக்க வந்தார். அவர் கிழக்கே தோவாளைப் பக்கத்துக்காரர். வெள்ளம் புகுந்த வீட்டுக்கு அரிசியும், கிணறு இறைத்து மருந்துப் பொடி போட ஆளும் கிடைக்கும். சேற்றில் கால் வைக்க மனமில்லாமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்து, மூக்கைத் துவாலையால் பொத்தி, ரோட்டில் நின்றே கேட்டார்: "ஏம்மா, வீட்டுல வெள்ளம் உண்டா?"

எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்குப் பெயர்தான் வெள்ளம். பெருக்கெடுத்து வந்தால் "வெள்ளப்பொக்கம்" என்போம்.

"ஒரு துள்ளி வெள்ளம் இல்ல, சாரே!" என்று அம்மை கூவினாள். அவர் எழுதிக்கொண்டு நடந்தார். "நல்ல மனுசன் மக்கா. குடிக்க வெள்ளம் உண்டாண்ணு கேட்டாரு பாத்தியா" என்று அம்மை என்னிடம் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மருந்துப் பொடிக்காரர்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். ஓடிப்போய்க் கேட்டால், பட்டியலில் எங்கள் வீடு இல்லை. அம்மை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுக்கிலுள்ள சாயாக்கடைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். குமஸ்தா அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெஞ்சில் கீழக்கரை, எதிர்ப் பெஞ்சில் மேலக்கரை.

"நீயேதான் வெள்ளம் இல்லைன்னு சொன்ன" என்றார் அவர்.

"குடிக்கதுக்கு இல்லண்ணாக்கும் சொன்னேன், சாரே."

"அத தண்ணின்னுல்லா சொல்லணும்!" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தச் சிரிப்பு போதாதா? அப்பனோடு ஊர்வலத்தில் போன கீழக்கரைக்காரர் ஒருவர் முகம் கறுத்து அம்மையிடம், "மைனி, நம்ம ஆளுவ வாயில இருந்து மலையாளம் வரலாமா? வெளிய தெரிஞ்சா மானக்கேடாக்கும்" என்றார். எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒருவன், "எலே, வாயில தானா வாறதுதான் தாய்மொழி. அவ மலையாளத்தியாக்கும், எங்க பக்கம் எழுதிக்க" என்றான். வெள்ளம் என்பது ஆதித் தமிழ் என்று இவரும், சுத்த மலையாளம் என்று அவனும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். என் தம்பி அம்மையின் இடுப்பிலேயே கழிந்தான், நீராக வழிந்தது. சொல்லுக்குச் சண்டை போட்ட அத்தனை பேரும் ஒன்றுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அம்மை தம்பியை என் கையில் தந்துவிட்டு வீட்டுக்குப் போய், கிணற்றிலிருந்து ஒரு குடம் கோரிக்கொண்டு வந்து, இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் வைத்தாள்.

"இது தமிழா மலையாளமாண்ணு ஆளுக்கொரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

பட்டியல் மேலே போய்விட்டது என்று சொல்லிக் குமஸ்தா குடையை எடுத்தார். கடைக்காரர் குடத்தை வெளியே கவிழ்த்து, அது இருந்த இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்.

மறுநாள் மீன்காரி திரேசம்மை வந்தாள். கடற்கரையான காரோட்டுக் கடப்புறத்திலிருந்து தலைச்சுமையாக நடந்து வருகிறவள். அவளிடம் மீன் வாங்குகிறவர்கள் அவள் கையைத் தொடாமல் வாங்குவார்கள், நாங்களும் அப்படித்தான். கிணற்றை எட்டிப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கூடையை இறக்காமலேயே திரும்பினாள். மாலைக்குள் கயிறும் வாளியும் சிப்பிச் சுண்ணாம்புமாக நான்கு ஆண்களோடு வந்துவிட்டாள். "கடலு கேறினா எங்க கெணறெல்லாம் உப்பாவும். மூணு தடவ அடி காணக் கோரினா தெளியும். இது வெறும் கோழியாக்கும்" என்றாள்.

அவர்கள் கோரிக்கொண்டிருக்க, அவள் சொன்ன ஒன்றை நான் இன்றும் மறக்கவில்லை. கடல் நிறம் மாறினால் அவர்கள் தெருவில் யாரும் தன் வீட்டுச் சாமானைத் தூக்கக் கூடாதாம். அடுத்த வீட்டுச் சாமானைத்தான் தூக்க வேண்டுமாம். "ஏன் அக்கா?" என்றேன். "தன் வீட்டுக்குள்ள போனா, ஆசை விடாம உள்ளேயே கெடந்து சாவான். அடுத்தவன் பானையில என்ன ஆசை?" என்று சிரித்தாள்.

வேடிக்கை பார்க்க வந்த கீழக்கரைக்காரர், "நீங்க எந்தப் பக்கமடே?" என்று அந்த ஆண்களிடம் கேட்டார்.

"நாங்க கடலுப் பக்கம். மாறி நில்லும், வாளி வருது."

ஊற்று தெளிந்தது. தம்பியை அவர்களே தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாளில் பிழைத்து வந்தான். இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது, கடப்புறத்துக்காரன் இறங்கிய கிணறு தீட்டாகிப்போயிற்று என்று. தோடு வெட்டவும், ஒரு பிள்ளைக்காக நான்கு வாளி கோரவும் சேராத இரண்டு கரையும் எங்கள் கிணற்றில் கோருவதில்லை என்று சேர்ந்து முடிவெடுத்தன. கோழி கிடந்தபோது யாரும் தீட்டு சொல்லவில்லை. அம்மை அவர்கள் பார்க்க, கிணற்றடியில் நின்று ஒரு செம்பு கோரி நிறுத்தாமல் குடித்தாள்.

எல்லை வரைந்தார்கள், நாங்கள் கேரளத்தில் நின்றோம். இரண்டு கரைக்கும் என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள், இப்போது மழைக்கு முன் யாரும் மண்வெட்டி எடுப்பதில்லை. சில வருஷம் முன்பு பெருமழையில் ஊரெல்லாம் மூழ்கியபோது கடப்புறத்துப் பிள்ளைகள்தான் மீன்பிடி வள்ளத்தை லாரியில் ஏற்றிவந்து, மாடியில் நின்று கத்திய நம் ஆட்களை இறக்கினார்கள். ஒரு வாரம் ஊரார் அவர்களுக்கு மாலை போட்டார்கள்.

போன ஆடியில் கடல் ஏறி, வீடு போன கடப்புறத்துக் குடும்பங்களை எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். நான் தடியூன்றிப் போய், திரேசம்மை குடும்பம் உண்டா என்று கேட்டேன். ஒரு கிழவர் மேற்கே, கடல் இருக்கும் திசையில், கையை நீட்டினார். "அந்தத் தெருவே இப்ப உள்ள கெடக்கு, அம்மா."

நான்காம் நாள் பக்கத்து வீட்டு இளைஞன் ஒரு காகிதத்தோடு வந்தான். பள்ளிக்கூடத்தைக் காலி செய்யச் சொல்லி மனு. பிள்ளைகள் படிப்பு கெடுகிறது என்று எழுதியிருப்பதாகச் சொன்னான்.

"படிப்பு மட்டுமா?" என்றேன்.

"மீன் நாத்தம், அம்மச்சி. தாங்க முடியல. ஒரு ஒப்பு போடுங்க."

எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். அதைத் தரமாட்டேன் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்குமுன் ஒருமுறை பார்த்தேன். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் சாடை எனக்குத் தெரியும். கீழக்கரையும் மேலக்கரையும், தமிழிலும் மலையாளத்திலும், பெயருக்கும் பெயருக்கும் நடுவில் இடமில்லாமல், தோளோடு தோள் நெருங்கி ஒப்பு போட்டிருந்தார்கள்.