மூன்றாவது நீதிபதி

ரங்கூனில் அப்பீல் வழக்குகளைக் கேட்கும் கோர்ட்டில் ஒரு பர்மிய நீதிபதிக்கு நான் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் வக்கீலாக இருந்த நாளிலேயே என்னை வேலைக்கு வைத்துக்கொண்டவர். பதவி உயர்ந்தபோதெல்லாம் என்னையும் கூடவே அழைத்துக்கொண்டார்.

அரிசி ஆலையில் வேலை பார்த்த ஒரு தமிழருக்கு, மேஸ்திரியைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். கண்ணால் பார்த்ததாகச் சொன்னவன் ஒருவன்தான். கொட்டும் மழையில், ஆற்றில் போன படகிலிருந்து, கரையில் நின்றவன் முகத்தை அடையாளம் கண்டேன் என்றான். என் நீதிபதி அதை நம்பவில்லை. கூட உட்கார்ந்த வெள்ளைக்கார நீதிபதி நம்பினார். இருவரும் ஒத்துப்போகாததால் வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போயிற்று. இனி அவர் சொல்வதுதான் முடிவு.

அந்தத் தமிழரின் மனைவி, ரங்கூனுக்கு அக்கரையில் உள்ள த்வாண்டே ஊர்க்காரி, பர்மியப் பெண். கைக்குழந்தையோடு கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். புருஷனிடம் கற்ற தமிழில் என்னிடம் கேட்டாள்:

"அண்ணே, நம்ம பர்மா ஐயா அவரை விட்டுடச் சொன்னாராமே?"

"ஆமாம்மா."

"அப்ப போதும் அண்ணே."

போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது நீதிபதி தண்டனையை உறுதி செய்தார். என் நீதிபதி கறுப்பு அங்கியைக் கழற்றாமலே தன் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, கருணை காட்டும்படி கவர்னருக்கு எழுதினார். மறுத்துப் பதில் வந்தது.

அந்தப் பெண் என் நீதிபதியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். காவல்காரன் தடுத்தான். நீதிபதி வெளியே வந்து அவளை உள்ளே விடச் சொன்னார். இருவரும் பர்மிய மொழியில் பேசினார்கள். நான் அருகில் நின்றேன்.

"நீங்க பெரிய ஜட்ஜ்தானே?"

"ஆமாம்மா."

"அந்த ஆள் சொன்னதை நீங்க நம்பலைதானே?"

"நம்பலை."

"அப்புறம் ஏன் அவரை விடமாட்டேங்கிறாங்க?"

அவர் சட்டத்தை விளக்க ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்போம். ஏதோ தான் சரியாகக் கேட்காததால்தான் காரியம் நடக்கவில்லை என்பதுபோல், அதே கேள்வியை இன்னும் பணிவாகக் கேட்டாள்.

புருஷனைப் பார்க்க ஜெயிலில் அனுமதி வாங்கித் தந்தார். அவரால் முடிந்தது அதுதான். நான்தான் அழைத்துப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த மனிதர் குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என்னிடம், "ஐயாவுக்கு என் கும்பிடைச் சொல்லுங்கண்ணே" என்றார். சொன்னேன். நீதிபதி எழுந்து உள்ளே போய்விட்டார்.

தூக்கு நடந்த அன்றும் அவர் கோர்ட்டில் உட்கார்ந்தார். மாவ்பி பக்கத்து வயல் தகராறு ஒன்று. வக்கீலை, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

ஓய்வு பெற்ற நாளில் வக்கீல்கள் அவருக்கு மாலை போட்டு, நியாயத்தின் உருவம் என்று புகழ்ந்தார்கள். காரில் திரும்பும்போது கேட்டார்: "அந்தப் பெண் இப்போ எங்கே இருக்கா?"

"த்வாண்டேயில, அம்மா வீட்டுல இருக்கறதாக் கேள்வி, ஐயா."

"ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம் ஐயா. போய் என்ன சொல்றது?"

அவரும் யோசித்துப் பார்த்தார். நாங்கள் போகவே இல்லை.