பாறைக்குக் கீழே ஒரு தலைநகரம்

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்று நான் சொன்னபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து கையை எடுக்காமலே, "எந்த ஊருக்கு?" என்று கேட்டார்.

"அபியோகுட்டா."

"அது நாடா, ஊரா?"

"ஊருதான். நைஜீரியாவுல ஒரு மாநிலத்துக்குத் தலைநகரம்."

ரசம் ஊற்ற வந்த மதினி சிரித்துவிட்டார். "சேத்தூர்ல இருந்து ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்ததையே எங்க வீட்ல தூரம்னாக. ஒங்க தங்கச்சி தலைநகரத்துக்குல்ல கெளம்புதாவ!"

அண்ணன் சிரிக்கவில்லை. "ஒத்தப் பொம்பள. அங்க ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னையத்தாம்ட்டி கேக்கும்."

"ஊரு கேட்டா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க."

எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக, "பொண்ணு நிறம் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கட்டத்தில், இனிமேல் யார் முன்னாலும் காப்பித் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று நானே நிறுத்திவிட்டேன். பேண்டேஜ் துணி நெய்து வெளுத்துக் கட்டும் ஒரு கம்பெனியில் துணியைச் சோதிக்கும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. எங்கள் முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் அபியோகுட்டாவில் இதே தொழிலைத் தொடங்கினார். அங்குள்ள பெண்களுக்கு வேலை பழக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். முதலாளி முதலில் ஆண்களைத்தான் கேட்டார். அவர்கள் காய்ச்சல், கலவரம் என்று ஏதேதோ சொல்லிப் பின்வாங்கிவிட்டார்கள். பேச்சுக்காக என்னையும், "நீ போவியாம்மா?" என்று கேட்டுவைத்தார். போவேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், எப்படியும் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன்.

கிளம்பும் அன்று வாசலில் நின்று, "போறேன்" என்றேன்.

"போயிட்டு வாரேன்னு சொல்லு தாயி" என்றார் மதினி, பதறிப்போய்.

நான் சொல்லவில்லை. அவ்வளவு வீம்பு அன்றைக்கு எனக்கு.

அபியோகுட்டாவை முதலில் பார்த்தபோது கண்ணில் பட்டது கூரைகள்தான். துருப்பிடித்த தகரக் கூரைகள், மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு. நடுவே ஒரு பெரிய கரும்பாறை. எல்லாவற்றின் மேலும் செம்மண் தூசி. கார் கம்பெனிக் குடியிருப்புக்குள் நுழைந்ததும் கேட் மூடிக்கொண்டது. உயரமான சுற்றுச்சுவர், அதன் மேல் முள்கம்பி, வாசலில் காவலாளி. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இந்தியர்கள். மேனேஜர் வட இந்தியர், நல்ல மனிதர்தான். சனிக்கிழமை வேனில் கடைக்குப் போகலாம், மற்ற நாளில் வெளியே போக வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஊரை நான் வேன் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

கம்பெனியில் எனக்குக் கீழே வேலை செய்த பெண்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். வெளுத்த பஞ்சைத் தண்ணீரில் போட்டால் சட்டென்று முங்க வேண்டும். மிதந்தால் அது காயத்துக்கு ஆகாது. அதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்களை ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள்? நீங்கள் என்ன தப்புச் செய்தீர்கள்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டி வந்தும் இன்னொரு அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேனா?

அந்தப் பெண்ணின் அத்தைக்கு ஊருக்குள்ளே பாறையை ஒட்டி ஒரு வீடு இருந்தது. அதில் ஓர் அறை காலி என்றாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து மேனேஜரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெளியே போனால் உங்கள் பாதுகாப்புக்குக் கம்பெனி பொறுப்பில்லை."

"பரவாயில்லை சார். என் பொறுப்பை நானே பார்த்துக்கொள்கிறேன்."

வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் மம்மி என்று கூப்பிட்டார்கள். மூத்த பெண்களை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கணவர் இல்லை. வீட்டு முன்னறையில் துணிக்கடை வைத்திருந்தார். நீலச் சாயத்தில் வட்டமும் கோடுமாய்ப் பூத்த துணிகள் தரையிலிருந்து உத்தரம்வரை அடுக்கியிருக்கும். லாகோஸிலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போவார்கள். மம்மியின் ஆங்கிலம் ஒருவிதம், என் ஆங்கிலம் வேறுவிதம். ஆனாலும் இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசியதாகத்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அங்கே நான் குடிபோன அன்று தெருப் பிள்ளைகள் கூடிநின்று, "ஓயின்போ! ஓயின்போ!" என்று கத்தினார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரின்னு சொல்லுதுக" என்றார் மம்மி.

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அடக்க முடியவில்லை. நிறம் மட்டு என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனவர்களை எல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து அந்தத் தெருவில் நிறுத்த வேண்டும்போல் இருந்தது. காரணத்தைச் சொன்னதும் மம்மி என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு என்னைப் பாறைமேல் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரிந்தது. பள்ளிவாசல், சர்ச், தூரத்தில் ஆறு, இன்னொரு பக்கம் அரசாங்க அலுவலகங்களின் வெள்ளைக் கட்டடங்கள், அகலமான புது ரோடுகள்.

"சண்டையில ஊரு ஊரா எரிஞ்சு போச்சு. மிச்சம் இருந்த சனங்க ஓடியாந்து இந்தப் பாறைக்கு அடியில ஒளிஞ்சாக. ஊரு பேருக்கே 'பாறைக்குக் கீழ'ன்னுதான் அர்த்தம். பொறவு ஒவ்வொரு ஊர்க்காரவுகளும் ஆளுக்கொரு பக்கம் குடியேறி, விட்டுட்டு வந்த ஊரு பேரையே அதுக்கு வச்சுக்கிட்டாக."

எனக்கு இது புதிதாகவே இல்லை. தெலுங்கை நாக்கில் சுமந்துகொண்டு எங்கிருந்தோ வந்தவர்கள் மலையடிவாரத்தில் பாளையம் போட்டு உட்கார்ந்த ஊர்தானே என்னுடையதும். ஓடிவந்தவர்கள் கட்டிய ஊருக்கு ஒரு குணம் உண்டு. அது யாரிடமும் உத்தரவு கேட்காது.

மம்மி சிறுமியாக இருந்தபோதுதான் அபியோகுட்டா மாநிலத் தலைநகரம் ஆனதாம். அதன்பின் அதிகாரிகள் வந்தார்கள். கல்லூரி, பேங்க், ரோடு என்று பின்னாலேயே எல்லாம் வந்தது. பழைய ஊர் மட்டும் பாறையை விட்டு நகரவில்லை. அங்கே முடிந்த வீடென்று ஒன்றை நான் பார்க்கவே இல்லை. பாதிச் சுவர், பூசாத மாடி. கையில் காசு வந்தால் ஒரு வரிசைக் கல் ஏறும். மம்மியின் வீடும் அப்படித்தான் வளர்ந்தது. புருஷன் வீட்டார் வெளியே போகச் சொன்னபோது மாட்டேன் என்று உட்கார்ந்து, அறை அறையாகக் கட்டியிருக்கிறார்.

"எங்க ஊரு பொம்பளைக லேசுப்பட்டவுக இல்ல" என்றார் அன்றைக்கு. "எங்க அம்மா காலத்துல, வரி கட்ட மாட்டோம்னு சந்தைப் பொம்பளைக எல்லாம் அரமனை வாசல்ல போய் நின்னாக. ராசாதான் ஊரைவிட்டுப் போனாரு."

நான் குடிபோன அடுத்த வருடம், எங்கள் தெருவழியாக ரோட்டை அகலப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். ஒருநாள் வேலையிலிருந்து திரும்பினால் வரிசையாக எல்லா வீட்டுச் சுவரிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. மம்மியின் கடைச் சுவரிலும் இருந்தது. துணிக்கடையும் அதற்குப் பின்னால் பாதி அறையும் போகும். தெருப் பெண்கள் கூடி அரசாங்க அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் போனேன். என்னைப் பார்த்த அதிகாரி, "நீங்கள் யார்?" என்றார்.

"குடியிருப்பவள்."

"வெளிநாட்டுக்காரர் இதில் தலையிடக்கூடாது."

"தலையிடவில்லை. இவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன்."

பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ரோடு கோணலாகப் போகாது, ஆனால் அவகாசம் தருகிறோம் என்றார்கள். அழுதவர்களும் உண்டு, சாபம் விட்டவர்களும் உண்டு. மம்மி வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். மரவள்ளி மாவில் கிண்டிய வெள்ளைக் களியும் காரக் குழம்பும். கை கழுவிவிட்டுச் சொன்னார்:

"மெஷின் வந்து என் வீட்டைத் தொடப்பிடாது. நான் கட்டுன சுவரு. நானே எறக்குவேன்."

அடுத்த ஞாயிறு அதுதான் நடந்தது. துணியெல்லாம் என் அறைக்கு வந்து சேர்ந்தது. கட்டிலில் மட்டும்தான் எனக்கு இடம். கொத்தனார் ஒருவர், மம்மி, எனக்கு அறை பார்த்துக்கொடுத்த அந்தக் கம்பெனிப் பெண், நான். தகரத்தைக் கழற்றி, ஆணியைக்கூட நிமிர்த்தி டப்பாவில் போட்டோம். கற்களை உடையாமல் எடுத்துப் பின்பக்கம் அடுக்கினோம். அக்கம்பக்கத்தில் வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் போய்த் தங்கள் வீட்டுச் சுவரில் கை வைத்தார்கள். மாலைக்குள் என் சேலை, தலை, கண்ணிமை எல்லாம் செம்மண். அதிகாரிகள் சொன்ன நாளில் புல்டோசர் வந்தபோது, மம்மி வீட்டுக்கு முன்னால் அது இடிக்க ஒன்றுமில்லை. சுவரில்லாமல் திறந்து கிடந்த பாதி அறையில், கொடிகட்டித் துணியைத் தொங்கவிட்டு மம்மி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். டிரைவரே இறங்கிவந்து தன் மனைவிக்கு ஒரு துணி பேரம் பேசினார். மம்மி ஒரு பைசா குறைக்கவில்லை.

சேர்த்துவைத்த கற்களெல்லாம் ஒரு வருடத்தில் மாடி ஏறின. புது ரோட்டைப் பார்த்த மாடி.

இடையில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதிக்குப் பக்கத்து மண்டபத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மம்மி கொடுத்த நீலத் துணியில் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போனேன். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த மகாராஜபுரத்து மாமா, நாலு பேர் கேட்கும்படி, "என்ன தாயி, காட்டுல மனுசங்க ஒழுங்கா துணிமணி உடுத்துதானுகளா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் இலையை மூடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. "மாமா, நான் போட்டிருக்கது அவிய துணிதான். நல்லாருக்கா, இல்லையா? அதச் சொல்லுங்க."

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

"அது காடு இல்ல, தலைநகரம். நம்ம ஜில்லாவையே தூக்கி உள்ள வைக்கலாம், அம்புட்டுப் பெருசு. வாரதுக்குப் பயந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. தெரியாத ஊரைப் பத்திச் சிரிக்காதீக."

ஜில்லாவை உள்ளே வைக்கலாம் என்றது கொஞ்சம் அதிகப்படிதான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து இலையில் மதினி, என்னைப் பார்க்காமலே, தன் பால்கோவாவை எடுத்து என் இலையில் வைத்தார்.

ஒப்பந்தம் முடிந்து ஒரேயடியாகத் திரும்பியபோது என் அறையில் அண்ணன் மகனும் புது மருமகளும் இருந்தார்கள். ஹாலில் ஒரு கட்டில் போட்டுத் தருவதாக அண்ணன் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை. கல்யாணமாகாத தங்கைக்கு அதற்குமேல் என்ன தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"பின்னால கொல்லையில என் பங்கு எது?" என்று கேட்டேன்.

"ஏட்டி, இது என்ன பேச்சு? நீ இந்த வீட்ல இருக்கக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. எனக்கு ஒரு வாசல் வேணும். என் சாவி என் இடுப்புல இருக்கணும்."

"ஒத்தைக்கு ஒரு வீடா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சிட்டுப் பால் காய்ச்ச வரட்டும்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டு வெளியே போனார். பிறகு பல நாள் பேசவில்லை. ஆனால் கொல்லையில் கயிறு பிடித்து அளக்க வந்த அன்று, எல்லைக் கல்லை அவரேதான் வந்து காட்டினார். எனக்குச் சேர வேண்டியதைவிட ஓர் அடி கூடுதலாகவே காட்டினார்.

இப்போது ஓர் அறையும் சமையல்கட்டும் எழும்பிவிட்டன. பூச்சு இன்னும் இல்லை. போன வாரம் மம்மி வீடியோவில் கூப்பிட்டார். போனைத் திருப்பிச் சுவர் சுவராகக் காட்டினேன். மேற்குச் சுவருக்கு வந்ததும் போனுக்குள்ளிருந்து ஒரு கத்தல்.

கரண்டியோடு நின்ற கொத்தனார் பயந்துபோனார். "அந்த அம்மா என்ன சொல்லுதாவ?"

"ஜன்னல் சிறுசா இருக்காம். மலையைப் பாதி மறைக்குதாம்."

"வச்சது வச்சாச்சே தாயி. இனி அகலப்படுத்தணும்னா சுவரை இடிக்கணும்."

"இடிங்கண்ணே. கல்லு மட்டும் உடையாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, இறக்கும் கல்லை வாங்க நானும் கீழே நின்றேன்.