நடை எழுதாத நோட்டு

கோல் விழுந்ததும் 'நம்ம டீம் ஜெயிச்சிருச்சு' என்று துள்ளுகிறீர்களே, அந்த 'நம்ம'வுக்குள் நீங்களும் உண்டு என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? என்றைக்காவது பார்த்ததுண்டா?

சென்றாயன் பார்த்ததில்லை. ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. பாலக்கோடு தக்காளி மண்டியில் அவர் சுமை தூக்குகிறார். ஊர் புங்கமேடு, மண்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். புங்கமேடு உதயம் கால்பந்துக் கழகத்தில் பதினாறு வருடம் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். முட்டி போன பிறகு சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை தைப்பது, தண்ணீர்க் குடம் நிரப்புவது எல்லாம் அவர்தான். மாவட்ட லீக்கில் இரண்டாம் பிரிவில் ஆடுகிற அந்த அணிக்குச் சுற்றுவட்டாரத்தில் வேறு பெயர் உண்டு. 'கூடை டீம்.'

அது கிண்டலாக வந்த பெயர். தொண்ணூற்றாறில் பந்து வாங்கக் காசில்லாமல் பையன்கள் முழித்தபோது, ஐந்து ஏக்கர் தக்காளி போட்டிருந்த காளியப்பன் ஒரு வழி சொன்னார். முதல் பறிப்பில் வீட்டுக்கு ஒரு கூடை டீமுக்கு. மண்டியில் விற்ற பணத்தில் பந்து, வலை, டெம்போ வாடகை. கூடை கொடுத்தவனெல்லாம் டீமுக்குச் சொந்தக்காரன்.

அப்போது இருபத்து நாலு வயது சென்றாயன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ஏங்க, காடு இல்லாதவன் என்னங்க பண்றது?"

காளியப்பன் பீடியை இழுத்து முடித்தார். பிறகு சொன்னார்: "அந்தக் கூடைய நீங்க சொமந்து வண்டி ஏத்துங்கடா. ஒரு கூடை, ஒரு நடை. ரெண்டும் ஒரே பங்குதான்."

தலையில் கூடையோடு தக்காளிக் காட்டிலிருந்து ரோட்டுக்கு ஒரு தடவை போவதுதான் ஒரு நடை. அன்றைக்கு ஊர் டீக்கடையில் சென்றாயன் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர். ஆனால் டீமில் ஒரே பங்கு. உலகம் மாறிவிட்டது என்றே அவர்கள் நினைத்தார்கள். அதில் பாதி உண்மை.

காளியப்பன் கூடைகளை ஒரு நீள நோட்டில் எழுதி வந்தார். நடையையும் எழுதத்தான் பார்த்தார். தடுத்தவர்கள் சுமந்தவர்களே.

"நடைய எழுதாதீங்க. எழுதுனா கூலியாயிடும்."

அவர்கள் பெயர் அதுவரை காட்டுக்காரர் நோட்டில் ஏறியதெல்லாம் கூலிக்கோ கடனுக்கோதான். சொந்தக்காரனின் பெயர் எதற்கு அந்த நோட்டில்? அறிவு போதாமல் செய்த தப்பு இல்லை அது. மானத்தில் செய்தது. அந்த மானத்தின் மேல்தான் பின்னால் ஒருவன் வந்து காலை வைக்கப் பார்த்தான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்டால் சென்றாயன் முகமே வேறாகிவிடும். கடத்தூருக்கு ஆடப் போவது காலிக் கூடைகள் அடுக்கிய டெம்போவில். கூடைக்கு ஒருவன் உட்காருவான். வெள்ளைப் பனியனுக்கு அவர் மனைவி தீர்த்தம்மாள் வீட்டிலேயே சிவப்புச் சாயம் தோய்த்துக் கொடுப்பாள். முதல் பாதி முடிவதற்குள் சாயம் வேர்வையில் இறங்கி எல்லார் தொடையும் சிவந்திருக்கும். "ரத்தம் சொட்டச் சொட்ட ஆடறானுங்கப்பா" என்று எதிராளி ஊர்க்காரர்கள் மிரண்டுபோவார்கள்.

ஒரு வருடம் தக்காளி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. டீமுக்கு என்றைக்கும் இல்லாத அளவு கூடைகள் குவிந்தன, வாங்கத்தான் ஆள் இல்லை. மைதான ஓரத்தில் கொட்டியது அழுகி நாறியது. அந்த வருடம் லீக் கட்டணத்தைக் கட்டியது கூடை இல்லை. சென்றாயனும் தெருக்காரர்களும் மண்டியில் ஆளுக்கு ஒரு நாள் சுமந்த கூலியை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். ஏரியூரை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்த வருடமும் அதுதான். கடைசி நிமிடத்தில் தனியாக வந்த ஏரியூர் ஆட்டக்காரன் அழுகல் தக்காளியில் வழுக்கி விழுந்தான். "அவன் வூட்ல இன்னிக்கும் தக்காளிச் சட்னி அரைக்கறதில்லையாம்" என்று சென்றாயன் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

காளியப்பன் போய்ச் சேர்ந்தார். மகன் வீரமணி கழகச் செயலாளர் ஆனார். நல்ல மனிதர்தான், களைத்துப்போனவர். தக்காளி போடுகிறவர்கள் குறைந்தார்கள், டெம்போ வாடகை ஏறியது. போன வருடம் மாதவராஜ் வந்தார், தர்மபுரியில் மனை பிரித்து விற்கிறவர். டீமை அவரே வாங்கிக்கொள்வார், அவர் கம்பெனிப் பெயர் வைப்பார், சம்பளத்துக்கு வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்குவார். பங்குக்காரர்களுக்குப் பணம் பிரித்துத் தருவார். பாதிக்கு மேல் பங்கு சம்மதித்தால் போதும்.

பங்குக்காரர் யார்? வீரமணி நோட்டைப் பார்த்து எண்பத்து நாலு பெயரை எழுதி மைதானத்துக் கொட்டகையில் ஒட்டினார். சென்றாயன் விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். அவர் பெயர் இல்லை. அவர் தெருவில் ஒருவர் பெயரும் இல்லை.

"தல சொட்டையாவற மட்டும் சொமந்தியே," என்றாள் தீர்த்தம்மாள். "என்னிக்காவது அந்த நோட்டப் பொரட்டிப் பாத்தியா?"

"எழுதுனா கூலியாயிடும்னுதான..."

"இப்ப என்ன ஆயிருக்குது? கூலியும் இல்ல, பங்கும் இல்ல. உன்னத வுடு. நான் சொமந்த நடை எங்கய்யா?"

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் கூட்டம். மாதவராஜ் மைக்கைப் பிடித்தார். "லிஸ்ட்ல பேர் இருக்கறவங்க மட்டும் கை தூக்குங்க. சம்மதம்னா தூக்குங்க, இல்லன்னா இறக்குங்க."

வேண்டாம் என்று சொல்லவும் முதலில் பெயர் வேண்டும். சென்றாயன் எழுந்து நின்றார்.

"அண்ணா, உங்க பேர் இதுல இல்லீங்களே," என்றார் மாதவராஜ், சிரித்த முகமாகவே. "கவலப்படாதீங்க. கிரவுண்டுக்கு உங்களையே வாட்ச்மேனாப் போட்டுடறேன். மாசச் சம்பளம்."

எந்தச் சொல்லுக்குப் பயந்து நோட்டில் பெயர் வேண்டாம் என்றார்களோ, அந்தக் 'கூலி'யே சம்பளம் என்ற பெயரில் மைக்கில் வந்தது.

"கூடையே இல்லாதவனுக்கு ஓட்டு எதுக்குடா சென்றாயா? சம்பளத்த வாங்கிட்டு உக்காரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சென்றாயன் மேசைக்குப் போனார். "தம்பி, நோட்ட எடுங்க. மொதப் பக்கம் படிங்க."

வீரமணி படித்தார். "ஜூன் ஏழு. முனுசாமி, கூடை ஒண்ணு."

"எங்க வித்துச்சு?"

"பாலக்கோடு மண்டில."

"காட்டுல இருந்து தானா நடந்து போச்சா?"

கூட்டம் சிரித்தது. சென்றாயன் சிரிக்கவில்லை.

"அடுத்ததப் படிங்க. அதுவும் நடந்து போச்சா? ஒவ்வொரு கூடைக்கும் கீழ ஒரு தல இருந்துச்சுங்க. நோட்டு பூரா எங்க பேருதான் இருக்குது. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியல."

சிரிப்பு அடங்கியது. வீரமணி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பாவின் கையெழுத்து. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் வரிக்குப் பக்கத்தில் 'நடை ஒன்று' என்று எழுதினார். "இது யாரு சொமந்தது?" என்று கேட்டார்.

"அது ராஜாமணி நடை," என்றாள் தீர்த்தம்மாள். "மொதக் கூடையாச்சே, மறப்பமா? அன்னிக்கு மழ. வரப்புல வுழுந்தும் கூடைய வுடல அவன்."

அடுத்த வரி. அதற்கடுத்த வரி. மறந்த மழைகளும் செத்துப்போனவர்களும் ஒவ்வொருவராக நோட்டுக்குள் வந்தார்கள். உச்சி வெயில் வந்தும் முதல் வருடமே முடியவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லி மாதவராஜ் காரில் ஏறினார். மொத்த நோட்டும் முடிய நான்கு ஞாயிறு ஆனது. பிறகு சுமந்தவர்களையும் சேர்த்துக் கை தூக்கச் சொன்னபோது, விற்கச் சம்மதித்தவர்கள் பாதியைத் தொடவில்லை. வேண்டாம் என்றவர்களில் காட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

டீமுக்குப் பணம் கொட்டிவிடவில்லை. இந்தப் பருவமும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. கூடை குறைகிற மாதத்தில் மண்டிக் கூலி வருகிறது, கூலி குறைகிற மாதத்தில் கூடை. இரண்டும் இப்போது எழுத்தில் ஏறுகின்றன. சென்றாயன் இன்னமும் கோடு போடுகிறார், தன் சொந்த மைதானத்தில்.

உங்கள் ஊரிலும் ஒரு டீம் இருக்கும். அதன் நோட்டை வரும் ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பாருங்கள். பணம் கொடுத்தவர் பெயர் மட்டும் இருந்தால், பேனாவை எடுங்கள். வலை தைத்தவள், கோடு போட்டவர், சுமந்தவர் பெயரையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். வாங்குகிறவன் வந்து நிற்பதற்குள் எழுதி முடியுங்கள்.